எழும்பூர் மணலில் ஏ, பி, சி, டி!
(டாக்டர் ஆண்ட்ரூ பெல் வாழ்க்கைச் சித்திரம்)



முதலாம் ஆண்டு முதல் வாரத்தில் இங்கிலீஷ் பீரியடு எப்படி இருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி என்று நாலாபக்கமும் இருந்து பஸ் ஏறி வந்து சேர்ந்த நாம், பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியத்தில் கணக்கிலே தொண்ணூறு வாங்கினவர்கள்தான். ஆனால் புத்தகத்தை எடுத்து ஒரு பாராவை வாசி என்றதும் தொண்டைக்குள் எதுவோ வந்து அடைத்துக்கொள்ளும். பின் பெஞ்சில் யாராவது சிரித்தால் அதோடு சரி, மூன்று வருஷத்துக்கும் வாயைத் திறக்க மாட்டோம். லேத்தில் நூலிழை பிசகாமல் கடைசல் பிடிக்கிற கை, ஒரு லீவ் லெட்டர் எழுதும்போது நடுங்கும். எழுத்துக்கூட்டிப் படிப்பது என்பது நமக்கு ஒரு அவமானமாகவே ஆகிவிட்டது.

ஆனால் ஒரு காலத்தில் இங்கிலாந்துப் பிள்ளைகளே ஏ, பி, சி, டி எழுதக் கற்றுக்கொண்டது நம்ம ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்து வழியில்தான் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும். நம் சட்டாம்பிள்ளையையும், நம் மணலையும் கப்பலேற்றிக் கொண்டுபோய் லண்டனில் இறக்கிய மனிதர் ஒருவர் இருந்தார். பெயர் ஆண்ட்ரூ பெல். மதராஸ் என்ற பெயர் ஐரோப்பாவின் பள்ளிக்கூடங்களில் எல்லாம் அடிபட்டது அவரால்தான். அவர் கதையைத்தான் இந்த மலரில் சொல்லப் போகிறேன்.

ஸ்காட்லாந்தில் கடலோரத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு சின்ன ஊர். கோல்ஃப் விளையாட்டுக்கும் பழைய யூனிவர்சிட்டிக்கும் பேர் போன ஊர். அங்கே 1753 மார்ச் 27-ல் ஒரு முடி திருத்துகிறவரின் மகனாகப் பிறந்தார் பெல். அப்பா லேசுப்பட்ட ஆள் இல்லை. முடி வெட்டுவது, டோப்பா செய்வது தொழில் என்றாலும், எந்திரங்கள் பக்கம் கையும் மூளையும் நன்றாக ஓடும். நம்ம பாஷையில் சொன்னால் பிறவி மெக்கானிக். மகனும் யூனிவர்சிட்டியில் கணக்கிலும் இயற்பியலிலும் கெட்டிக்காரனாக வந்தான். ஆனால் பள்ளிக்கூட நாட்களில் வாத்தியார் அடித்த அடியை மட்டும் பெல் சாகிற வரைக்கும் மறக்கவில்லை.

படிப்பு முடிந்ததும் பிழைப்புத் தேடி 1774-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போனார். அங்கே கார்ட்டர் பிராக்ஸ்டன் என்ற பெரிய தோட்ட முதலாளி வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் வாத்தியார் வேலை. இந்த பிராக்ஸ்டன்தான் 1776-ல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். பெல் அங்கே புகையிலை வியாபாரமும் பண்ணிக் கொஞ்சம் காசு பார்த்தார். காசு விஷயத்தில் மனிதர் எப்போதுமே கெட்டி. 1781-ல் ஊர் திரும்பும்போது கப்பல் உடைந்து, கடுங்குளிரில் கரையொதுங்கி உயிர் பிழைத்தார். பிறகு பாதிரியார் பட்டம் வாங்கினார். வருமானம் போதவில்லை. அந்தக் காலத்தில் பிரிட்டனில் காசில்லாத கெட்டிக்காரனுக்கு ஒரே வழி, இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவதுதான்!

1787-ல் வந்தார். போக நினைத்தது கல்கத்தாவுக்கு. வழியில் மதராஸில் இறங்கியவர் அங்கேயே தங்கிவிட்டார். கையோடு கொண்டுவந்த விஞ்ஞானக் கருவிகளை வைத்துக்கொண்டு கட்டணம் வாங்கி லெக்சர் அடித்தார். ஒரே நேரத்தில் பல ராணுவப் பிரிவுகளுக்குப் பாதிரியார் என்று பதவிகளும் சம்பளங்களும் சேர்ந்தன. இது வரைக்கும் பார்த்தால், சம்பாதிக்க வந்த ஆயிரம் வெள்ளைக்காரர்களில் இவரும் ஒருவர், அவ்வளவுதான்.

கதை திரும்புவது 1789-ல். மதுரையிலிருந்து ரயிலேறிப் போனால் நாம் இறங்குகிற எழும்பூர் இருக்கிறதே, அங்கே அந்த வருஷம் ஆண் பிள்ளைகளுக்கான ராணுவ அநாதை இல்லம் ஒன்று ஆரம்பித்தார்கள். கம்பெனிப் பட்டாளத்துச் சிப்பாய்களான வெள்ளைக்காரர்களுக்கும் நம் நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் அவர்கள். அப்பா சண்டையில் செத்திருப்பார், இல்லை சீமைக்குப் போயிருப்பார். இரண்டு பக்கமும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகள். இவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பெல்லிடம் வந்தது. இங்கேதான் ஒரு ஆச்சரியம். காசில் அத்தனை கெட்டியான அந்த மனிதர் இந்த வேலைக்குச் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று யாருக்குத் தெரியும்! அடி வாங்கிப் படித்த ஞாபகமாகக்கூட இருக்கலாம் என்பது என் எண்ணம்.

பள்ளிக்கூடம் படுமோசமாக நடந்துகொண்டிருந்தது. உதவி வாத்தியார்களுக்கு அக்கறையும் இல்லை, பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் எழுத்து சுலபத்தில் ஏறவும் இல்லை. பேப்பர் விலை அதிகம். அகரவரிசை தாண்டுவதற்குள் மாதங்கள் ஓடின.

ஒரு நாள் காலையில் பெல் குதிரையில் போய்க்கொண்டிருக்கிறார். வழியிலே ஒரு திண்ணைப் பள்ளிக்கூடம். அந்தக் காலத்து மதராஸ் வெள்ளைக்காரர்கள் தமிழர்களை மலபார்க்காரர்கள் என்றுதான் எழுதுவார்கள். அதனால் பெல் அதை மலபார் பள்ளி என்றே குறித்து வைத்தார். பிள்ளைகள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்னால் பரப்பிய மணலில் விரலால் எழுதுகிறார்கள். எழுதும்போதே வாயால் சொல்கிறார்கள். தப்பாய்ப் போனால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும், புது சிலேட்டு! நம் தாத்தா பாட்டிகள் ஆனா, ஆவன்னா என்று ராகம் போட்டு மணலைக் கீறின அதே காட்சிதான். 1623-லேயே பியத்ரோ டெல்லா வல்லே என்ற இத்தாலியப் பயணி மேற்குக்கரைப் பக்கம் பிள்ளைகள் வாத்தியார் இல்லாமல் தாங்களே பாட்டாய்ப் பாடி மணலில் எழுதிக் கணக்குப் படிப்பதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். எத்தனையோ பேர் பார்த்த காட்சி. பெல் மட்டும் குதிரையைத் திருப்பிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு விரைந்தார்.

உதவி வாத்தியாரைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து எழுத்து வகுப்புக்கு மணலில் சொல்லிக் குடுங்கள் என்றார். அந்த ஆளுக்குப் பிடிக்கவில்லை. செய்து பார்த்துவிட்டு, நடக்காது என்று கையை விரித்துவிட்டார். மண்ணில் எழுதுவது உள்ளூர் ஆட்களின் வேலை, துரைமார் பள்ளிக்கூடத்தில் அது எதுக்கு என்ற நினைப்பும் இருந்திருக்கும். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்று ஒரு பையன். சாதாரணச் சிப்பாய் ஒருவரின் மகன், வயது 8. அவனைக் கூப்பிட்டு எழுத்து வகுப்பை அவன் கையில் கொடுத்துவிட்டார். பையன் நேற்றுத்தான் ஏ, பி, சி, டி கற்றுக்கொண்டவன். எந்த எழுத்தில் விரல் தடுமாறும், எது எதோடு குழம்பும் என்பதெல்லாம் அவனுக்குப் பசுமையாக ஞாபகம் இருக்கிறது. பெரிய வாத்தியாரால் முடியாததைச் சின்னப் பையன் செய்துவிட்டான். வகுப்பு மளமளவென்று முன்னேறியது. அவன் உதவியாளர்களை நியமித்துக்கொண்டான். அந்த உதவியாளர்களும் பொடியன்கள்தான்.

அதன் பிறகு பெல் பள்ளிக்கூடம் முழுவதையும் இந்த வழிக்கு மாற்றினார். வகுப்பில் இரண்டிரண்டு பேராக ஜோடி. கொஞ்சம் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக் குடுப்பான். 7 வயதிலிருந்து 11 வயது வரை உள்ளவர்கள் உதவி ஆசிரியர்கள், 11 முதல் 14 வரை உள்ளவர்கள் ஆசிரியர்கள். சுமார் 200 பிள்ளைகள் கொண்ட இல்லம் ஏறக்குறையப் பிள்ளைகளாலேயே நடந்தது. அடி உதை கிடையாது. தப்புப் பண்ணினால் ஒரு கறுப்பு நோட்டில் பதிவு. வாரம் ஒரு தரம் எல்லோர் முன்னாலும் அதை வாசிப்பார்கள். தண்டனை என்ன என்பதைப் பிள்ளைகளே ஜூரியாக உட்கார்ந்து தீர்மானிப்பார்கள். கோதண்டம் போட்டுத் தொங்கவிட்ட நம் திண்ணை வாத்தியார்கள் இந்த விஷயத்தில் பெல்லிடம் படித்திருக்கலாம்!

எழுத்து சொல்லிக் கொடுத்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். நமக்கு வேண்டியதே அதுதானே. ஓரம் கட்டிய பலகையில் காய்ந்த மணலை மெல்லிசாகப் பரப்புவார்கள். சொல்லிக் குடுக்கிறவன் ஒரு எழுத்தை விரலால் எழுதிக் காட்டுவான். கற்றுக்கொள்கிறவன் அந்தத் தடத்திலேயே விரலை ஓட்டுவான். பிறகு மணலைச் சமன் செய்துவிட்டுத் தானே எழுதுவான். எழுத்தின் பெயரையும் கூடவே சொல்ல வேண்டும். கண், காது, வாய், விரல் நான்குக்கும் ஒரே நேரத்தில் வேலை. சின்ன பி-யையும் சின்ன டி-யையும் மாற்றிப் போடுகிற குழப்பம் இன்றைக்கும் பிள்ளைகளுக்கு உண்டு. வட்டம் எந்தப் பக்கம் என்று கண் மறந்தாலும் விரல் மறக்காது.

அடுத்து எழுத்துக்கூட்டுதல். அப்போது இங்கிலாந்தில் என்ன வழக்கம் என்றால், மார்க்கெட் என்ற சொல்லுக்கு எம், ஏ, ஆர் – மார், கே, ஈ, டி – கெட், மறுபடி மார், கெட், மார்க்கெட் என்று நீட்டி முழக்க வேண்டும். சொல் நீளமாக ஆக, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி மூச்சு வாங்கும். பெல் அந்தத் திரும்பச் சொல்லுதலை வெட்டிவிட்டார். ஒரு தரம் கூட்டினால் போதும். வாசிக்கும்போது எழுத்து எழுத்தாக அல்ல, அசை அசையாக வாசி. மார்-கெட். அவ்வளவுதான். யோசித்துப் பாருங்கள், இந்த அசைபிரிப்பு நமக்குப் புதுசா? க், அ சேர்ந்து க என்று மெய்யும் உயிரும் கூடின எழுத்தை வைத்தே நாம் வாசிக்கப் பழகியவர்கள். நேர், நிரை என்று அசை பிரித்துச் செய்யுளுக்கு அலகிட்டு மார்க் வாங்கினவர்கள்.

இங்கே ஒரு சின்ன விலகல். இங்கிலீஷ் எழுத்தில் நம்மைக் கவிழ்க்கிற இடம் எதுவென்றால், எழுத்தின் பெயர் வேறு, அதன் ஒலி வேறு என்பதுதான். நம் திண்ணைப் பள்ளியிலும் பெயர் வேறுதான். அ என்ற எழுத்துக்கு ஆனா, இ-க்கு ஈனா, க-வுக்குக் கானா. ஆனால் பெயரின் தலையிலேயே ஒலி உட்கார்ந்திருக்கும். இங்கிலீஷில் பி, டி, கே, வி மாதிரிச் சில எழுத்துகளுக்கு ஒலி பெயரின் தலையில் இருக்கிறது. எஃப், எல், எம், என், எஸ் இவைகளுக்கு ஒலி வாலில் இருக்கிறது. எச், டபிள்யூ, ஒய் மூன்றுக்கும் நம் காதுக்கு எட்டுகிற மாதிரி தலையிலும் இல்லை, வாலிலும் இல்லை! டபிள்யூ என்று ஆயிரம் தரம் சொன்னாலும் வாட்டர் என்ற சொல்லின் முதல் ஒலி அதில் வராது. சி, ஜி இரண்டும் இரட்டை வேஷம். அடுத்து வருவது ஈ, ஐ, ஒய் என்றால் சி மெல்லிய ஒலி, மற்ற இடத்தில் க ஒலி. சிட்டி, காஃபி இரண்டுக்கும் முதல் எழுத்து ஒன்றே. ஜி-யும் ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் கெட், கிவ் என்று சில சொற்கள் விதியை மீறும். உயிர் எழுத்து ஐந்து, அவை தரும் ஒலிகளோ இருபது வரை போகும். பூனையைச் சொல்லும் கேட், ஓட்டுகிற கார், தின்கிற கேக், விளையாடுகிற பால் எல்லாவற்றிலும் நிற்பது ஒரே ஏ தான். 26 எழுத்தை வைத்துக்கொண்டு சுமார் 44 ஒலிகளைச் சமாளிக்கிற பாஷை அது. நம்மிடம் 247 எழுத்து இருக்கிறதே என்று சந்தோஷப்படலாம். ஆனால் நாமும் கடல், பகல், தங்கம் மூன்றிலும் ஒரே க-வை மூன்று விதமாகத்தான் சொல்கிறோம். யாரும் விதி சொல்லித் தரவில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது. இங்கிலீஷ்காரப் பிள்ளைக்கும் அப்படித்தான் வருகிறது.

கிராமரும் அதே கதைதான். நான் போகிறேன், நீ போகிறாய், அவன் போகிறான், அவள் போகிறாள், அது போகிறது, அவர்கள் போகிறார்கள் என்று ஆளுக்கு ஒரு விகுதியை நாலு வயசிலேயே சரியாகப் போட்டவர்கள் நாம். இங்கிலீஷில் ஐ கோ, யூ கோ, தே கோ. ஹீ, ஷீ, இட் வந்தால் மட்டும் கோஸ். ஒரே ஒரு எஸ்! அதில் தடுக்கி விழுகிறோம். கூடப் படிக்கிறவனோடு அதைப் பேசிப் பழக வெட்கப்படுகிறோம் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. பாடம் சின்னதாக இருக்க வேண்டும், ஒன்று பிசகில்லாமல் வந்த பிறகே அடுத்தது என்பது பெல் போட்ட விதி. இலக்கணப் பள்ளிகளுக்கும் இந்த ஜோடிப் படிப்பு பொருந்தும் என்று 1815-ல் தனியே ஒரு புத்தகமே போட்டார்.

எழும்பூர்ப் பிள்ளைகள் எழுத்தோடு நின்றுவிடவில்லை. டிப்ளமோ படிக்கிற நமக்குப் பிடித்த சம்பவம் ஒன்று உண்டு. 1792 ஒப்பந்தத்தில் திப்பு சுல்தானின் இரண்டு மகன்களைப் பிணையாகப் பிடித்துவைத்த கம்பெனி, 1794-ல் அவர்களைத் திருப்பி அனுப்பியது. கூடப் போன குழுவில் வில்லியம் ஸ்மித் என்ற 17 வயசுப் பையனும் இருந்தான். பெல்லின் மாணவன். விஞ்ஞானக் கருவிகளைக் கொண்டுபோய் திப்புவின் முன்னிலையிலேயே சோதனைகளைச் செய்து காட்டினான். எந்திரங்களில் ஆர்வம் உள்ள திப்பு கவனமாகப் பார்த்தார். சில வருஷங்களுக்கு முன்னால் மணலில் ஏ, பி, சி எழுதிய அநாதைப் பையன் மைசூர் புலியின் முன்னால் லேப் டெமான்ஸ்ட்ரேஷன் கொடுத்திருக்கிறான்!

உடம்பு சரியில்லாமல் 1796-ல் பெல் சீமைக்குத் திரும்பினார். ஒன்பது வருஷத்தில் சேர்த்த சொத்து சுமார் 25,000 பவுன். அந்தக் காலத்தில் அது மிகப் பெரிய தொகை. மறு வருஷம், 1797-ல், எழும்பூர் அனுபவத்தை ஒரு சின்னப் புத்தகமாக லண்டனில் அச்சடித்தார். 1798-ல் லண்டன் ஆல்ட்கேட் பகுதியில் ஒரு தர்மப் பள்ளிக்கூடம் இந்த முறையை எடுத்துக்கொண்டது. இங்கிலாந்துப் பிள்ளைகள் மணலில் விரல் வைத்தார்கள்.

அதே 1798-ல் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்ற 20 வயசு இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். வாத்தியார் வைக்கக் காசில்லாததால் அவரும் மாணவர்களை வைத்தே பாடம் நடத்தினார். பெல்லின் புத்தகம் கைக்கு வந்ததும் மணல் பலகையையும் எடுத்துக்கொண்டார். அதை 1803-ல் வெளியிட்ட தன் புத்தகத்தில் ஒப்புக்கொள்ளவும் செய்தார். எழுத்துகளை உருவத்தை வைத்து மூன்று கூட்டமாகப் பிரித்தார் லங்காஸ்டர். ஐ, எச், டி, எல், ஈ, எஃப் எல்லாம் நேர்கோட்டு எழுத்துகள், அவை முதலில். ஏ, வி, டபிள்யூ, எம் மாதிரிச் சாய்கோட்டு எழுத்துகள் அடுத்து. ஓ, சி, ஜி, எஸ் போன்ற வளைவுகள் கடைசி. நம்ம என்ஜினீயரிங் டிராயிங் பாடத்திலும் எழுத்துப் பயிற்சி இந்த மாதிரி வரிசையில்தானே வருகிறது!

முதலில் இரண்டு பேரும் நண்பர்களாகத்தான் பழகினார்கள். பிறகு யார் கண்டுபிடித்தது என்ற சண்டை வந்துவிட்டது. பெல் சர்ச் ஆஃப் இங்கிலாந்து ஆள், லங்காஸ்டர் குவேக்கர். மதப் பிரிவுகளும் பத்திரிகைகளும் அணி பிரிந்து நின்றன. கவிஞர்கள் வேர்ட்ஸ்வொர்த், கோலரிட்ஜ், சதே மூவரும் பெல் பக்கம். சதே, பெல்லின் வாழ்க்கை வரலாற்றையே எழுதத் தொடங்கினார். குறும்பு செய்த பையனைக் கூடையில் போட்டு மேலே தொங்கவிடுவது, கழுத்தில் கட்டையைக் கட்டுவது என்றெல்லாம் லங்காஸ்டர் தண்டனைகள் வைத்ததையும் எதிரணி விடவில்லை. 1811-ல் பெல் பக்கத்தார் நேஷனல் சொசைட்டி என்ற சங்கத்தை அமைத்துப் பாரிஷ் பாரிஷாகப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். பெல் சாகும்போது அவருடைய முறையில் நடந்த பள்ளிகள் 12,000-க்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் வரைக்கும் மதராஸ் பள்ளிகள் என்ற பெயரிலேயே பரவின.

இரண்டு வெள்ளைக்காரர்கள் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது நடுவில் நம்ம திண்ணை வாத்தியார் எங்கே? மணல் எழுத்தைத் தமிழ்ப் பள்ளியில் பார்த்ததைப் பெல் மறைக்கவில்லை. அதற்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லிக் குடுக்கும் முறை தன்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்று கடைசி வரைக்கும் சாதித்தார். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இல்லாமல் ஒரு நாளும் நடக்காது என்பது நமக்குத் தெரியும். குதிரை மேலிருந்து மணலைப் பார்த்த கண்ணில் சட்டாம்பிள்ளை படாமல் போனானா? நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கிறது. லண்டனில் இருந்த கம்பெனி டைரக்டர்களே 1814-ல் இந்தியாவுக்கு அனுப்பிய கடிதத்தில், கிராம வாத்தியார்கள் தொன்றுதொட்டுச் செய்துவரும் இந்த முறையைத்தான் டாக்டர் பெல் வழியாக இங்கிலாந்து எடுத்துக்கொண்டது என்று ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

நம் மதுரைச் சீமையிலேயே எத்தனை திண்ணைப் பள்ளிகள் இருந்தன தெரியுமா? கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் பள்ளிக் கணக்கு எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார். அப்போது மதுரைக் கலெக்டர் ரௌஸ் பீட்டர். மீனாட்சி அம்மன் கோயிலுக்குத் தங்கத்தில் அங்கவடி கொடுத்தாரே, ஜனங்கள் பீட்டர் பாண்டியன் என்று கூப்பிட்டார்களே, அவரேதான். அவர் அனுப்பிய கணக்குப்படி மதுரை ஜில்லாவில் 844 பள்ளிகள், 13,781 பிள்ளைகள். பெண் பிள்ளைகள் மிகக் குறைவு. தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் திண்ணையில் இடமே கிடையாது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். சர்க்கார் உதவியும் கிரான்ட் பள்ளிகளும் வந்த பிறகு, அந்தத் திண்ணைகள் 19-ஆம் நூற்றாண்டு போகப்போக ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இங்கே மணல் ஓய்ந்துகொண்டிருந்தபோது அங்கே அதன் பேரால் பள்ளி கட்டிக்கொண்டிருந்தார்கள்!

பெல்லை மகான் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. எழும்பூர் அநாதைகளுக்கு விஞ்ஞானம் வரைக்கும் கற்றுக்கொடுத்த அதே மனிதர், இங்கிலாந்து போய்ப் பெரிய மனிதர்களோடு பழகிய பிறகு, ஏழை வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் சொல்லித்தர வேண்டிய அவசியமில்லை, பைபிள் வாசிக்கத் தெரிந்தால் போதும் என்கிற தோரணையில் எழுதினார். படித்துவிட்டால் உடல் உழைப்புக்கு வரமாட்டார்கள் என்ற பயம் முதலாளிகளுக்கு இருந்தது, அதற்கு இவரும் தலையாட்டினார். முடி திருத்துகிறவர் மகன் இப்படி எழுதலாமா? அந்த வரியைப் படிக்கிற போது எனக்குக் கோபம்தான் வந்தது. 1800-ல் செய்துகொண்ட கல்யாணமும் சில வருஷங்களில் முறிந்தது. மனிதர் பிடிவாதக்காரர், கையைச் சுருக்குகிறவர், ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளைச் சோதித்து வாத்தியார்களை விரட்டுகிறவர். 1816-ல் சுவிட்சர்லாந்து போய்ப் பெஸ்டலோசி என்ற பெரிய கல்வியாளரைச் சந்தித்தார். பிள்ளை தானே பார்த்து, தொட்டு, யோசித்துக் கற்க வேண்டும் என்ற பெஸ்டலோசியின் வழி பெல்லைக் கவரவில்லை. ஆனால் பிற்காலம் பெஸ்டலோசி பக்கம்தான் சாய்ந்தது.

ஏன் என்றால் பெல்லின் முறை பெரிசாக ஆக ஆக மெஷின் மாதிரி ஆகிவிட்டது. ஒரே ஹாலில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள். சட்டாம்பிள்ளை கத்த, மற்றவர்கள் திருப்பிக் கத்த, வாசிப்பதின் அர்த்தம் யாருக்கும் தெரியாது. ஜான் ஃபிரிஸ்கன் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்தானே, அந்த நெருக்கம் போய்விட்டது. 1846-ல் இங்கிலாந்து அரசாங்கம் பயிற்சி ஆசிரிய மாணவர் என்ற புது ஏற்பாட்டைக் கொண்டுவந்து சட்டாம்பிள்ளை முறையை மெல்ல மெல்ல ஓரங்கட்டிவிட்டது.

அதைப் பார்க்கப் பெல் இல்லை. 1832 ஜனவரி 27-ல் செல்டன்ஹாமில் இறந்தார். வயது 78. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ராஜாக்களும் கவிஞர்களும் கிடக்கிற இடத்தில் அவரையும் அடக்கம் செய்தார்கள். சேர்த்து வைத்த பணத்தில் சுமார் 1,20,000 பவுனை ஸ்காட்லாந்தில் பள்ளிக்கூடங்களுக்கு எழுதி வைத்துவிட்டார். வாழ்நாளெல்லாம் கணக்குப் பார்த்தது இதற்குத்தானோ என்னவோ. அந்தப் பணத்தின் மிச்சத்தில் 1876-ல் எடின்பரோ, செயின்ட் ஆண்ட்ரூஸ் இரண்டு யூனிவர்சிட்டிகளிலும் கல்வியியலுக்குப் பேராசிரியர் பதவி வந்தது.

சொந்த ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் பணத்தில் கட்டிய பள்ளிக்கூடம் 1833-ல் திறந்தது. பேர் என்ன தெரியுமா? மெட்ராஸ் காலேஜ்! 2021-ல் பழைய கட்டிடத்தை விட்டு ஊர் ஓரத்தில் புதுக் கட்டிடத்துக்குப் போனார்கள், பேரை மட்டும் மாற்றவில்லை. நம் ஊர் 1996-ல் சென்னை ஆகிவிட்டது. ஸ்காட்லாந்தில் இன்றைக்கும் பிள்ளைகள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸுக்குத்தான் போகிறார்கள்.

வெஸ்ட்மின்ஸ்டரில் பெல்லுக்கு ஒரு பளிங்கு நினைவுச் சின்னம் உண்டு. பெல் உட்கார்ந்திருக்க, பையன்கள் சுற்றி நிற்கிற சிற்பம் அது. எழும்பூர்ப் பக்கத்தில் அன்றைக்குக் காலையில் மணலில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒருவர் பெயரையும் பெல் கேட்டு எழுதிவைக்கவில்லை.